டெரியா, லண்டன்டெரியா: கிரெகரி கேம்பலின் 43 ஆண்டுகள்

வைகறை எழுதியது:

‘யூனியனிஸ்ட்’ என்றதும் பலருக்குத் தொழிற்சங்கம்தான் நினைவுக்கு வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர்களைத்தான் அங்கே யூனியனிஸ்ட் என்கிறார்கள். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். தீவு முழுவதும் ஒரே அயர்லாந்தாக வேண்டும் என்பவர்கள் தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

அந்தப் பக்கத்து அரசியலில் பெயிஸ்லி, டிரிம்பிள் மாதிரி பெரிய தலைகளைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். எனக்கு வேறொருவர் மேல் கண். கிரெகரி கேம்பல். 1953-இல் டெரி நகரத்தில், ஃபாய்ல் ஆற்றின் கிழக்குக் கரையான வாட்டர்சைடில் பிறந்தவர். டி.யு.பி. (ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி) 1971-இல் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதில் சேர்ந்துவிட்டார். 1981-இல் நகர மன்ற உறுப்பினர் ஆனார். 2011 வரை 30 ஆண்டுகள் அந்த நாற்காலியை விடவில்லை. நடுவில் மாகாணச் சட்டமன்றம், இரண்டு முறை அமைச்சர், 2001 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் (பிரிட்டிஷ் நாடாளுமன்றம்) எம்.பி. கடைசியாக 2024-இல் 179 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அந்த 30 ஆண்டு கவுன்சிலர் வேலைதான். அந்த மன்றத்தில் அத்தனை காலமும் தேசியவாதிகளுக்கே பெரும்பான்மை. இவர் கொண்டுவருகிற தீர்மானம் தோற்கும் என்று தெரிந்தேதான் கூட்டத்துக்குப் போகிறார். அப்படி ஒரு மனிதர் 30 ஆண்டு போனார் என்றால் எதற்காக? அவரை அனுப்பியவர்கள் எதை எதிர்பார்த்து அனுப்பினார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வாக்குக்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் 1981-லிருந்து கதையைத் தொடங்கினால் அவரைப் பாவப்பட்டவராக ஆக்கிவிடுவோம். அதற்கு முன்னால் அந்த ஊரில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வரலாம். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன். இந்த எண்களைப் படித்தபோது எனக்கே நெஞ்சு அடைத்தது.

1960-களில் டெரி மாநகராட்சியில் மூன்று வார்டுகள். 1967 கணக்கு இது, வட அயர்லாந்து அரசே அமைத்த கேமரன் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. வடக்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர் 2,530, மற்றவர்கள் 3,946. கிடைத்தது 8 யூனியனிஸ்ட் உறுப்பினர்கள். வாட்டர்சைடில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர்கள் 3,697. அங்கே 4 யூனியனிஸ்டுகள். தெற்கு வார்டில் கத்தோலிக்கர் 10,047, மற்றவர்கள் 1,138. அங்கே 8 தேசியவாதிகள். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 14,429 கத்தோலிக்க வாக்காளர்களுக்கு 8 இடம். 8,781 பேர் கொண்ட மற்ற தரப்புக்கு 12 இடம்.

பத்தாயிரம் பேரை ஒரே வார்டில் அடைத்துவிட்டு, மீதி இரண்டு வார்டையும் எடுத்துக்கொள்வது. வார்டு எல்லையை யார் கோடு போடுகிறார்களோ அவர்கள்தான் ஜெயிப்பார்கள். அதுவும் உள்ளாட்சி வாக்குரிமை அன்று எல்லாருக்கும் இல்லை. வீட்டுக்காரர், அவர் துணைவர், தொழில் நிறுவனம் வைத்திருப்பவர்கள் என்றுதான் இருந்தது. அப்பா வீட்டில் கூட்டுக்குடித்தனம் இருக்கும் கல்யாணமான மகனுக்கு ஓட்டுக் கிடையாது. அதனால் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நகராட்சி வீடு ஒதுக்கினால் கூடவே இரண்டு ஓட்டும் ஒதுக்கியதாக ஆகிவிடும். வீடு கொடுக்காமலேயே இழுத்தடித்தார்கள். 1968 அக்டோபர் 5-ஆம் தேதி சம உரிமை கேட்ட ஊர்வலத்தை டியூக் தெருவில் போலீஸ் அடித்து நொறுக்கியது. டியூக் தெரு இருப்பது வாட்டர்சைடில்தான். கேம்பலுக்கு அப்போது 15 வயது.

அடுத்த ஆண்டு அந்த மாநகராட்சியையே கலைத்து ஓர் ஆணையத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். 1973-இல் புது மன்றம் வந்தபோது விகிதாசார முறை, ஒரு பகுதிக்குப் பல உறுப்பினர்கள், வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போடும் வாக்குச்சீட்டு. சிறுபான்மை இருக்கும் இடத்திலும் அவர்களுக்கு உரிய பங்கு கிடைத்தே தீரும். கேம்பல் 30 ஆண்டு ஜெயித்துக்கொண்டே இருந்ததற்கு இந்த முறைதான் முதல் காரணம். பழைய முறையில் அவருடைய ஆட்கள் அடுத்தவர்களை நசுக்கினார்கள். புது முறை அவரை நசுக்கவிடவில்லை. இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைப் பேச முடியாது.

தறி எழுதியது:

வாக்குக்கணக்கு ஐயாவுக்கு நன்றி. இது தெரியாமல் ‘சிறுபான்மைக் குரல்’ என்று கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

எனக்கு இந்த மனிதரைத் தெரிந்ததே 2014 நவம்பரில்தான். சட்டமன்றத்தில் ஐரிஷ் பேசும் உறுப்பினர்கள் பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சபாநாயகருக்கு அவர்கள் மொழியில் ஒரு நன்றி சொல்வது வழக்கம். ‘கொ ரெவ் மஹ் அகத், கியான் கோர்லியா’ என்று ஏறக்குறைய ஒலிக்கும். கேம்பல் எழுந்து, அதே சத்தத்தில் ‘கர்ரி மை யோகர்ட், கேன் கோகா கோலியர்’ என்றார். கறி, தயிர், கோலா. மன்னிப்புக் கேட்க மறுத்ததால் அவையில் ஒரு நாள் பேசத் தடை விதித்தார்கள். அதே மாதம் கட்சி மாநாட்டில், ஐரிஷ் மொழிச் சட்டத்தை ஒருநாளும் ஏற்க மாட்டோம், தேசியவாதக் கட்சியான ஷின் ஃபேனின் கோரிக்கைப் பட்டியல் முழுவதையும் கழிவறைக் காகிதமாகத்தான் கருதுவோம் என்கிற ரீதியில் பேசினார். மாநாட்டில் கைதட்டல்.

ஒருவன் தன் தாய்மொழியில் நன்றி சொல்கிறான். அதைத் திரித்துச் சொல்லிச் சிரிப்பது என்ன அரசியல்? வட அயர்லாந்தில் பேச்சு வழக்கு அழிந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரும்ப ஊன்றி வளர்த்துக்கொண்டிருக்கிற மொழி அது. நம் வீட்டிலும் இந்தக் காயம் உண்டு, 1956-இல் கொழும்பில்

மட்டுறுத்துநர்:

தறி, உங்கள் பதிவின் பிற்பகுதியை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். இலங்கை ஒப்பீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அந்த ஊரை அந்த ஊராகவே பேசுவோம்.

தறி எழுதியது:

சரி, ஏற்கிறேன். ஆனால் கேள்வி நிற்கிறது. 30 ஆண்டு உழைத்தார், கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனார் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைக் கழுவிவிடுமா?

ஃபாய்ல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வாட்டர்சைடில்தான் இருக்கிறேன், செவிலியர் வேலை, வந்து 11 ஆண்டு ஆகிறது.

வந்த முதல் வாரம் நடந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு அனுப்ப ஒரு சாலைப் பலகையைப் படம் எடுத்தேன். ‘லண்டன்டெரி’ என்று எழுதி, ‘லண்டன்’ மேல் மட்டும் யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எல்லை தாண்டி டோனிகால் பக்கம் போனால் பலகையிலேயே ‘டெரி’ என்றுதான் இருக்கும். வேலையிடத்தில் ஒரு வயதான அம்மாவிடம் “டெரியில் எங்கே வீடு?” என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “நான் லண்டன்டெரிக்காரி, கண்ணு” என்றார், அன்பாகத்தான். அடுத்த கட்டில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து நான் ‘ஊர்’ என்று மட்டும் சொல்வேன். இங்கே பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். வானொலி அறிவிப்பாளர் கெரி ஆண்டர்சன் இரண்டு பெயருக்கும் நடுவில் போடும் சாய்கோட்டை வைத்து ‘ஸ்ட்ரோக் சிட்டி’ என்றே ஒரு பெயர் கொடுத்தார். அது இன்றுவரை நிற்கிறது.

கேம்பலின் கதையில் இந்தப் பெயர் சண்டை நடுமையம் என்று நினைக்கிறேன். 1984-இல் நகர மன்றம் தன் பெயரை ‘டெரி நகர மன்றம்’ என்று மாற்றியது. அனுமதித்த பிரிட்டிஷ் இணை அமைச்சர் கிறிஸ் பேட்டன். யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் கொதித்துப்போய் மன்றத்தைப் புறக்கணித்தார்கள், கேம்பல் முன்வரிசையில். மன்றத்தின் பெயர்தான் மாறியது, நகரத்தின் பெயர் மாறவில்லை. 1662-ஆம் ஆண்டு அரச பட்டயத்தின்படி அது லண்டன்டெரிதான் என்று 2007-இல் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே பேட்டன் பிறகு போலீஸ் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, 2001-இல் அந்தப் போலீஸ் படையின் ‘ராயல் அல்ஸ்டர்’ பெயரும் போனபோது, இவர்கள் பழைய கணக்கையும் சேர்த்துத்தான் கோபப்பட்டார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் பெயருக்காக இவ்வளவா என்று தோன்றும். அந்த அம்மாவின் வீடு முதலில் மேற்குக் கரையில் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு லாரியில் கட்டில், அலமாரியோடு பாலத்தைக் கடந்து வந்தோம் என்றார். மேற்குக் கரையில் இருந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அப்படி ஆற்றைக் கடந்தன. இன்று அந்தக் கரையில் ஃபவுன்டன் என்ற ஒரு சின்னக் குடியிருப்புதான் மிச்சம், நகரத்தின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே ஒட்டினாற்போல. நடைபாதை விளிம்புக் கற்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்திருப்பார்கள். வீடு போய்விட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டது, மன்றம் போய்விட்டது, மிச்சம் இருப்பது பெயர்தான் என்று நினைப்பவர்கள் கேம்பலுக்கு ஓட்டுப் போட்டார்கள். தறி கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை, தெரியும். அதற்குத் தனியாக வருகிறேன்.

மணற்கேணி எழுதியது:

அக்கா, ஒரு சந்தேகம். ஏன் போனார்கள்? யாராவது விரட்டினார்களா?

ஃபாய்ல்கரை எழுதியது:

தம்பி, ஒற்றைக் காரணம் சொன்னால் இங்கே அடித்துக்கொள்வார்கள். ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்தை ஒன்றாக்க ஆயுதம் ஏந்திய இயக்கம்) வைத்த குண்டுகள், சுடப்பட்ட போலீஸ்காரர்கள், பகுதிநேரப் படைவீரர்கள் என்று பயத்தில் போனவர்கள் உண்டு. மறுகரையில் புதிதாக வீடு கட்டினார்கள், சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று போனவர்களும் உண்டு. கேம்பல் இதை விரட்டியடிப்பு என்றே சொல்வார். தேசியவாதிகள் அந்தச் சொல்லை ஏற்க மாட்டார்கள்.

1972-ஐ மட்டும் எடுத்துக்கொள். ஜனவரி 30, ரத்த ஞாயிறு. பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டு அன்றே 13 பேர் செத்தார்கள், பின்னால் ஒருவர். அதே ஆண்டு ஜூலை 31, இதே மாவட்டத்தில் கிளாடி என்ற கிராமத்தில் மூன்று கார் குண்டுகள். 9 பேர் செத்தார்கள், இரண்டு மதத்தவரும். ஊரில் ஒரு கரை ஒன்றை நினைவில் வைத்திருக்கும், மறு கரை மற்றதை. கேம்பலுக்கு அப்போது 19 வயது. 2010-இல் ரத்த ஞாயிறு பற்றி நீதிபதி சேவில் நடத்திய விசாரணையின் அறிக்கை வந்து, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த விசாரணைக்கு 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவானதைக் கேள்வி கேட்டவர்களில் கேம்பல் முன்னால் நின்றார். எங்கள் ஆட்களின் சாவுக்கு யார் விசாரணை வைத்தார்கள் என்பதுதான் அவர் அடிக்கடி கேட்பது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 38 ஆண்டு காத்திருந்த குடும்பங்கள் அழுதுகொண்டே கொண்டாடுகிற நேரத்தில் அதைக் கேட்டது எனக்கு உவப்பாக இல்லை.

வைகறை எழுதியது:

ஃபாய்ல்கரை, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி.

நான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன். 1985-இல் பி.பி.சி. ‘ரியல் லைவ்ஸ்’ வரிசையில் ‘அட் தி எட்ஜ் ஆஃப் தி யூனியன்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தது. டெரியின் இரண்டு மனிதர்கள். ஒருவர் ஷின் ஃபேனின் மார்ட்டின் மெகின்னஸ், 1950-இல் பிறந்தவர், மேற்குக் கரையின் கத்தோலிக்கப் பகுதியான போக்சைடுக்காரர். மற்றவர் கேம்பல். இருவரும் 1982 மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தவர்கள். இருவரும் சொன்ன சொல் மாறாதவர்கள். இருவரையும் வீட்டில், மனைவி மக்களோடு, சாதாரண மனிதர்களாகக் காட்டியது படம்.

ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புள்ளவரை வீட்டில் பிள்ளையோடு காட்டுவதா என்று லண்டனில் புயல் கிளம்பியது. உள்துறை அமைச்சர் லியன் பிரிட்டன் கடிதம் எழுதினார். பி.பி.சி.யின் ஆளுநர் குழு ஒளிபரப்பை நிறுத்தியது. ஆகஸ்ட் 7 அன்று நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு அக்டோபரில் சிறு மாற்றங்களோடு படம் வந்தது. பி.பி.சி. வரலாற்றில் இது பெரிய நெருக்கடி. அத்தனை சத்தமும் மெகின்னஸைப் பற்றித்தான். படத்தில் சரிபாதியாக இருந்த கேம்பலை யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்பவர்கள் அவரை ‘மற்றவர்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அவர் முதலில் கவுன்சிலரான நாளையும் பாருங்கள். 1981 மே 5-இல் ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதத்தில் இறந்தார். உள்ளாட்சித் தேர்தல் மே 20. பதினைந்து நாள் இடைவெளி. ஊர் முழுக்கக் கறுப்புக் கொடி. அந்தச் சூட்டில் 28 வயதில் முதல் முறை ஜெயிக்கிறார். இப்படித் தொடங்கிய ஒருவரிடம் மென்மையான பேச்சை எதிர்பார்க்க முடியுமா என்று தோன்றுகிறது. நியாயப்படுத்தவில்லை, புரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

வாக்குக்கணக்கு எழுதியது:

அவருடைய தேர்தல் வரலாறு படிக்கச் சுவையானது. 1983 பொதுத்தேர்தலில் புதிதாக உருவான ஃபாய்ல் தொகுதியில் முக்கியமாக மூன்று பேர் மோதினார்கள். மிதவாத தேசியவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி.யின் ஜான் ஹியூம் முதலிடம், கேம்பல் இரண்டாமிடம், மெகின்னஸ் மூன்றாமிடம். பின்னாளில் நோபல் வாங்கிய ஹியூம், துணை முதல்வரான மெகின்னஸ், இவர், மூவரும் ஒரே வாக்குச்சீட்டில். ஹியூமை எதிர்த்து இவரால் ஜெயிக்கவே முடியாது. 1987-லும் நின்றார்.

பிறகுதான் பக்கத்துத் தொகுதிக்கு நகர்ந்தார். கிழக்கு லண்டன்டெரி. கோலரெய்ன், லிமாவடி, கார்வா எல்லாம் அதில் வரும். அங்கே யூனியனிஸ்டுகளுக்குத் தெளிவான பெரும்பான்மை. ஆனால் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் வில்லியம் ராஸ் 1974-லிருந்து எம்.பி. அசைக்க முடியாத ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2001-இல் கேம்பல் அவரை 1,901 வாக்கில் தோற்கடித்தார். 1998 சமாதான ஒப்பந்தத்தின் மேல் யூனியனிஸ்ட் வாக்காளர்களுக்கு வந்த ஏமாற்றம் டி.யு.பி.க்கு ஓட்டாக மாறிய தேர்தல் அது. இதில் வேடிக்கை, ராஸும் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்தான். கட்சிப் பெயருக்காகத் தோற்றார்.

அதன்பின் பத்து ஆண்டு கேம்பல் கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், எம்.பி. மூன்றும். ஒரே ஆள் மூன்று நாற்காலி. அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். இது பெரிய தப்பு என்பது என் அபிப்பிராயம். வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிற நாளில் குப்பைத் தொட்டிப் பிரச்சினைக்கு எப்படி வருவார்? 2014-இல் சட்டம் போட்டு இரட்டைப் பதவியை ஒழித்தார்கள். 2016-இல் சட்டமன்றத்தை விட்டார்.

தறி எழுதியது:

அமைச்சராக என்ன செய்தார் என்று யாராவது சொல்லுங்கள். திட்டித் தீர்ப்பதற்கு முன் அதையும் தெரிந்துகொள்கிறேன்.

வைகறை எழுதியது:

2000 ஜூலையிலிருந்து ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல் பிராந்திய வளர்ச்சி அமைச்சர். சாலை, குடிநீர், பேருந்து, ரயில் எல்லாம் அந்தத் துறை. ஆனால் டி.யு.பி. அப்போது ஷின் ஃபேனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டோம் என்று அமைச்சரவைக் கூட்டத்துக்கே போகவில்லை. துறையை மட்டும் நடத்தினார்கள், ஆட்களையும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அதனால் பெரிதாக எதையும் அவர் பெயரில் எழுத முடியாது. 2008-இல் கலை, பண்பாடு, பொழுதுபோக்குத் துறை, அதுவும் ஓராண்டு. ஐரிஷ் மொழிக்கான பொறுப்பு அந்தத் துறையில்தான் வரும் என்பதைத் தறி கவனிக்க வேண்டும்.

அவருடைய உண்மையான வேலை கேள்வி கேட்பதுதான். சட்டமன்றத்திலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் எழுத்துக் கேள்விகளாகப் போட்டுத் தள்ளுவார். அரசு வேலைகளில் புராட்டஸ்டன்ட் விகிதம் எந்தெந்தத் துறையில் குறைகிறது என்று 1980-களிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். பாகுபாடு என்றால் கத்தோலிக்கர்கள் அனுபவித்தது என்றுதான் உலகம் நினைக்கிறது, எங்கள் கதையை யார் கேட்கிறார்கள் என்பது அவர் வாதம். வாக்குக்கணக்கு கொடுத்த 1967 எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த வாதம் கூசுகிறது. ஆனாலும் ஒரு துறையில் ஒரு தரப்பு குறைந்தால் எண்ணைக் கேட்பது கவுன்சிலரின் கடமைதான்.

இன்னொன்று. எல்லாக் காயமும் மதக் கணக்கில் அடங்காது. 1965-இல் புதுப் பல்கலைக்கழகத்தைப் பழைய கல்லூரி இருந்த டெரிக்குக் கொடுக்காமல் கோலரெய்னுக்குக் கொடுத்தார்கள். அன்று டெரியின் யூனியனிஸ்ட் மேயரும் தேசியவாதத் தலைவர்களும் சேர்ந்தே கார் ஊர்வலமாகத் தலைநகருக்குப் போய் முறையிட்டார்கள். பலிக்கவில்லை. அந்தச் சேர்க்கை நீடித்திருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

ஃபாய்ல்கரை எழுதியது:

தறிக்குச் சொன்னபடி வந்துவிட்டேன். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் ‘தயிர்’ பேச்சு இங்கே எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது தெரியுமா? என்னோடு வேலை செய்யும் மேற்குக் கரைப் பெண், மகளை ஐரிஷ் வழிப் பள்ளியில் போட்டிருக்கிறார். பள்ளியில் பிள்ளைகள் அந்த வரியைச் சொல்லிச் சொல்லி விளையாடினார்களாம். மகள் வீட்டுக்கு வந்து, “நாம் சொல்வது அப்படியா அம்மா கேட்கிறது?” என்று கேட்டாளாம். இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முகம்தான் நினைவில் நிற்கிறது. கேம்பலுக்கு அந்தப் பேச்சுக்குப் பிறகு கொலை மிரட்டல்கள் வந்தன, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கேலிக்குக் கொலை மிரட்டல் பதில் ஆகாது.

2021-இல் இன்னொன்று. பி.பி.சி.யின் ‘சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்’ நிகழ்ச்சியில் நற்செய்திப் பாடல் போட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர் என்று அவர் பொதுவில் குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் தேவாலயத்தில் நைஜீரியா, கேரளா, பிலிப்பைன்ஸ், நான் என்று பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாடும்போது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் எம்.பி. இல்லை அவர், பக்கத்துத் தொகுதி. ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவர், எங்களைத் தெரிந்திருக்க வேண்டியவர்.

இதையெல்லாம் எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன். அந்த லாரியில் பாலம் கடந்த அம்மாவுக்கு ஒரு முறை வீட்டு உதவித்தொகை ஏதோ நின்றுபோனது. எங்கெங்கோ அலைந்தார். கடைசியில் “கிரெகரியிடம் போனேன், எழுதிக் கொடுத்தார், வந்துவிட்டது” என்றார். அந்த வயதுக்காரர்கள் அவரைக் ‘கிரெகரி’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வீட்டுப் பிள்ளை மாதிரி. வைகறை முதலில் கேட்டதற்கு என் பதில் இதுதான்: தீர்மானம் ஜெயிக்க அவர்கள் அவரை அனுப்பவில்லை. தாங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறோம் என்று அந்த அறையில் ஒருவர் எழுந்து சொல்வதற்காக அனுப்பினார்கள்.

தறி எழுதியது:

ஃபாய்ல்கரை, உங்களிடம் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல, ‘நீ பேசுவது மொழியே இல்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவின் இருப்பையும் அந்தப் பிள்ளையின் மொழியையும் ஒரே ஆள் பேசியிருக்க முடியும். அவர் பேசவில்லை. 43 ஆண்டு நேரம் இருந்தது. என் வருத்தம் அது.

ஒரு தகவலும் சேர்க்கிறேன். 2022-இல் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமே சட்டம் போட்டு வட அயர்லாந்தில் ஐரிஷுக்கு அதிகாரபூர்வ நிலை கொடுத்துவிட்டது. நீதிமன்றங்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று 1737-லிருந்து இருந்த சட்டமும் போயிற்று. ஒருநாளும் ஏற்க மாட்டோம் என்று அவர் சொன்னது, அவர் எம்.பி.யாக உட்கார்ந்திருக்கும் அவையிலேயே நிறைவேறியது.

மணற்கேணி எழுதியது:

179 வாக்கு என்றீர்களே, முன்பு எவ்வளவில் ஜெயித்தார்? அடுத்த முறை?

வாக்குக்கணக்கு எழுதியது:

2019-இல் 9,607 வித்தியாசம். ஐந்தே ஆண்டில் 179. பல காரணம் உண்டு தம்பி. 2024-இல் டி.யு.பி.யை விடக் கறாரான டி.யு.வி. தனியாக நின்று யூனியனிஸ்ட் ஓட்டைப் பிரித்தது. பக்கத்தில் வடக்கு ஆன்ட்ரிமில் பெயிஸ்லியின் மகனே அந்தக் கட்சித் தலைவரிடம் 450 வாக்கில் தோற்றார், 1970-லிருந்து அப்பாவும் மகனும் வைத்திருந்த தொகுதி. தேசியவாத ஓட்டுகள் ஷின் ஃபேன் பக்கம் திரண்டன. மக்கள்தொகையும் மாறிவிட்டது. 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5. யூனியனிஸ்டுகளுக்கு என்றே பிரித்தெடுத்த மாகாணத்தில் 100 ஆண்டில் முதல் முறையாக இப்படி. பிரெக்சிட்டை அவர் ஆதரித்தார், அவர் தொகுதி 52 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தது. அதுவும் ஒரு விரிசல்.

அடுத்த முறை நான் சொல்ல மாட்டேன். ஆனால் 179 என்பது ஒரே வாக்குச்சாவடிப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதை எண்ணுகிற மேசையில் நின்றவனுக்குத்தான் தெரியும் அந்த இரவு எவ்வளவு நீளம் என்று.

ஃபாய்ல்கரை எழுதியது:

அந்த இரவு நான் டியூட்டியில் இருந்தேன். ஓய்வறைத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை ஒவ்வொரு கட்டிலாக இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு தாத்தா தூங்காமல் இருந்தார். “கிரெகரி ஜெயித்தாரா?” என்று கேட்டார். ஜெயித்துவிட்டார், 179 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “நூற்று எழுபத்தொன்பதா?” என்று திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். கையை நீட்டினார், பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன்.